கலரியில் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. எங்கள் காலத்தில் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் படம் பார்ப்பது எப்படியிருந்தது என்று நீ தொலைபேசியில் கேட்டாய். பேரனின் சத்தத்துக்கிடையே என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வாரத்தில் ஆறு நாளும் விடியற்காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மேற்பார்வை பார்க்கும் கங்காணி காட்டிய தேயிலை நிரையில் கொழுந்தெடுத்த சனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக் காட்சிதான் வாய்ப்பாக இருந்தது. ஆறரை மணிக் காட்சிக்குப் போனால் கடைசி பஸ் தவறிவிடும். இருட்டில் தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் மலையேறி வரவேண்டும். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறென்றால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதிக் குடும்பங்கள் டவுனில்தான் நிற்கும். பல்கனியும் முதல் வகுப்பும் கடைக்காரர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும். எங்களுக்குத் திரைக்கு மிக அருகே, சாய்மானம் இல்லாத பலகை வாங்குகள் போட்ட கலரி. கழுத்தை அண்ணாந்தபடி மூன்று மணி நேரம் இருப்போம், மூட்டைப்பூச்சி கடித்தாலும் எழும்பமாட்டோம்.

தோட்டத்தை நிர்வகித்த துரையின் கார் வந்தால் பாதையோரம் ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் உன் தாத்தா. அதே மனிதர் அந்தக் கலரியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து டிக்கட் வாங்கியவரை அங்கே யாரும் எழும்பச் சொல்ல முடியாது. அந்தத் தியேட்டரை நான் இவ்வளவு நேசித்ததற்குக் கதாநாயகர்களை விட அதுதான் பெரிய காரணம் என்று இந்த வயதில் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மழைக்காலத்தில் தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலில் வசனம் ஒன்றும் கேட்காது. ஏற்கெனவே படம் பார்த்தவர்கள் வசனத்தை உரக்கச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அதை யாரும் தொந்தரவாக நினைத்ததில்லை.

பெரியப்பா அங்கே படம் ஓட்டும் மெஷின் அறையில் உதவியாளராக இருந்தார் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. ஒரு தடவை என்னை உள்ளே கூட்டிப்போனார். விளக்குப் பெட்டிக்குள் இரண்டு காபன் குச்சிகள் நுனியோடு நுனி நெருங்கி எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாதென்று கறுப்புக் கண்ணாடி வழியாகக் காட்டினார். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். அசந்துவிட்டால் திரை மங்கி, கலரியிலிருந்து விசில் கிளம்பும். 2000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். அது முடியப்போகும்போது திரையின் வலப்பக்க மேல்மூலையில் சிறிய புள்ளியொன்று மின்னி மறையும்; உடனே இரண்டாவது மெஷினை ஓடவிட்டு, மறுபுள்ளி தெரிந்த கணத்தில் வெளிச்சத்தை இதிலிருந்து அதற்கு மாற்றிவிடவேண்டும். கீழே இருந்த எங்களில் ஒருவருக்கும் அந்த மாற்றம் தெரிந்ததில்லை. அதில் பெரியப்பாவுக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

1975இல், தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' வந்தது. தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையே அந்தப் படத்தின் கதை. அதுவரை இந்தியாவிலிருந்து வந்த வீடுகளையும் வீதிகளையும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, நம்முடைய வாழ்க்கையும் திரையில் காட்டத் தகுந்தது என்று அப்போதுதான் தோன்றியது.

தொலைக்காட்சி வந்ததால் தியேட்டர்கள் அழிந்தன என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதிக்கதைதான். 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்குவதற்கு வெகு முன்பே எங்கள் கலரியில் வாங்குகள் காலியாகிக்கொண்டிருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு நாடுகளும் முடிவு செய்தன. எழுபதுகளில் லயம் லயமாகச் சனங்கள் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை டிக்கட் வாங்கியவர்கள். பெரியப்பாவும் அப்படித்தான் போனார். 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இறக்குமதியும் விநியோகமும் போனபின் இந்தியத் தமிழ்ப் படங்களின் வரத்தும் சுருங்கிவிட்டது. 1983 ஜூலையில் நாட்டின் பல இடங்களில் தமிழருக்குச் சொந்தமான திரையரங்குகள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு, இரவில் டவுனுக்குப் போவதற்கே சனங்கள் பயந்தார்கள். வீடியோ டெக்கும் தொலைக்காட்சியும் இத்தனையோடும் சேர்ந்துகொண்டவைதான். தோட்டத்துச் சனங்களால் வாழ்ந்த தியேட்டரை, அந்தச் சனங்களை விரட்டிய அரசியலைப் பேசாமல் எப்படி எழுதுவது?

பெரியப்பா இப்போது கோத்தகிரியில் மகனோடு இருக்கிறார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் ஓய்வுபெறும்வரை வேலை செய்தார். அதன்பிறகு மெஷினைத் தொடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவேயில்லை. வரும் தை மாதம் நீ கோயம்புத்தூர் வரும்போது ஒருநாள் ஒதுக்கி அவரைப் போய்ப் பார். காது மந்தம், சற்று உரக்கப் பேசவேண்டும். படப்பெட்டிகள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதிலிருந்து தொடங்கச் சொல்லி, அவர் சொல்வதையெல்லாம் உன் போனில் பதிவு செய்துகொள். பேரனையும் கட்டாயம் கூட்டிப்போ.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா