செயலாளரின் ஆண்டறிக்கை: திருகோணமலைக்கு வருவோருக்கான வழிகாட்டற் பணிகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊர் பார்க்க வருவோரை உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு அனுப்பும் வேலையையே இவ்வாண்டு முதன்மையாகச் செய்தோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாக மாணவர்கள் கைகொடுத்தார்கள். திருகோணமலையில் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. வருவோர் நேரம் தெரியாமல் வருவதுதான் குறை. நண்பகலில் மலையேறி, கோணேசர் கோயில் நடை சாத்தியிருப்பதைக் கண்டு திரும்புவோர் எத்தனையோ பேர்.

கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டை வாயிலை ஓட்டோவிலும் வானிலும் கடந்து போகிறவர்களே அதிகம். இந்த நகரின் வரலாறு கல்லில் நிற்குமிடம் அதுதான் என்பதால், வாயிலுக்கு வெளியே இறக்கி நடக்கவிடுமாறு ஓட்டோச் சாரதிகளிடம் கேட்டுக்கொண்டோம். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே 1624 இல் கோட்டையைக் கட்டினார்கள். 1639 இல் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. இன்றைய பெயர் 1803 இல் வந்தது. வாயில் நிலைக்கல்லில் இணைக்கயல் சின்னமும், குளக்கோட்ட மன்னனைப் பற்றி ‘முன்னே குளக்கோட்டன்’ என்று நம் பெரியவர்கள் சொல்லும் பாட்டின் சிதைந்த எழுத்துகளும் இருக்கின்றன. உச்சி வெயிலில் இவை கண்ணுக்குப் படா. வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். இல்லையேல் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். எழுத்தைத் துலக்குவதற்காகச் சோக்கோ மாவோ பூசவே கூடாது. பொடி வெட்டுக்குள் இறுகிவிடும். அதைத் தேய்த்தெடுக்கும்போது எழுத்தின் விளிம்பும் சேர்ந்து தேயும்.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்குப் பையோடு உணவு எறிவதைத் தடுக்க ஆனமட்டும் முயன்றோம். உப்பும் இனிப்பும் ஊறிய பொலித்தீனை மான் அப்படியே விழுங்கும். அது இரைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ள, பிறகு மேய்ந்தாலும் உடல் ஏறாது. குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லாவிட்டால் தொட்டி வைத்தும் பயனில்லை.

கோயிலில் வழிகாட்டுவோர் சம்பந்தர் பதிகத்தில் தொடங்குவது நன்று. 1950 இல் கிணறு வெட்டும்போது கிடைத்த சோமாஸ்கந்தர் முதலான திருவுருவங்கள், 1956 இல் சுழியோடிகள் மலையடிக் கடலில் கண்ட கோயிற் கற்கள், 1963 இல் நடந்த குடமுழுக்கு ஆகியவற்றை இதே வரிசையில் சொன்னால் கேட்பவர் மனதில் நிற்கும். மலையிலுள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டில் மட்டும் கதை சொல்வதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

புறாத்தீவுதான் அதிக கவலை தருகிறது. 2003 இல் தேசியப் பூங்காவான அந்தத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது. பூங்கா அனுமதிச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் கரையில் வாக்குவாதம் வரும். வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் வாய்ப்பாக இருக்கும். வாடைக்காலத்தில் போகச் சொல்லாதீர்கள். கடல் வாய்ப்பான மாதங்களிலும் காலைப் படகே நல்லது. பிற்பகற் காற்றில் அலை எழுந்து மணலைக் கலக்கிவிட்டால் நீருக்கடியில் ஒன்றும் தெரியாது.

தீவைச் சுற்றியுள்ள பவளம் உடைவது பெரும்பாலும் குறும்பினால் அல்ல. நீருக்கடியில் பார்க்க அணியும் முகமூடிக்குள் தண்ணீர் புகுகிறது, நீந்துகிறவர் பதறுகிறார், கால் ஊன்ற இடம் தேடுகிறார், காலடியில் பவளம். ஆகவே முழங்காலளவு நீரில், மணலில் நின்றே முகமூடியைச் சோதிக்க வேண்டும். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுத்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அளவு சரியில்லை, அல்லது விளிம்பில் முடி சிக்கியிருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மிதவை அங்கியைக் கழற்றக் கூடாது. அது இருந்தால் கால் ஊன்றத் தேவையே வராது. கிளைவிடும் பவளம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளரும், உருண்டைப் பவளம் அதைவிடவும் மெதுவாக. செட்டை நுனி கறுத்த சுறாவைக் கண்டால் துரத்தாமல் அசையாது மிதந்தால் போதும், அது தன் வழியே போய்விடும்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இராது. நிலத்தின் ஆழத்தில் சூடேறிய நீர் பாறை வெடிப்புகள் வழியே மேலேறுகிறது. எரிமலை எதுவும் இல்லை. சனக்கூட்டம் அள்ள அள்ள மட்டம் இறங்கிக் கலங்கும் என்பதால் விடியற்காலையே உகந்தது. சவர்க்காரம் கொண்டுபோக வேண்டாம். பலர் அங்கு இறந்தோருக்கான அந்தியேட்டிக் கடன் செய்ய வருகிறார்கள். அவர்களைப் படமெடுக்கக் கூடாது.

உப்புவெளி யுத்த மயானம் நிலாவெளி வீதியிலேயே இருப்பதால் போகிற வழியில் பார்த்துவிடலாம். பெரியகுளத்துப் பக்கமுள்ள வெல்கம் விகாரைக்குத் தனியாக அரைநாள் ஒதுக்குங்கள். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்ட பௌத்தப் பள்ளி அது. விளக்குக்கும் பசுவுக்கும் கொடை எழுதிய தமிழ்க் கல்வெட்டுகளை நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாப் பக்கம் இன்னும் ஒழுங்கான வழிகாட்டல் இல்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தபின், கிண்ணியா இறங்குதுறையில் காத்திருக்காமலே மூதூர்ப் பக்கம் போகலாம். 1660 இல் ஆங்கிலேயக் கடலோடி ரொபேட் நொக்ஸ் சிறைப்பட்டதைச் சொல்லும் நினைவுக்கல் அங்கே உண்டு. வெருகல் முருகன் கோயிலையும் சேர்த்து ஒருநாள் வழித்தடம் வரைந்திருக்கிறோம். மூதூர் உறுப்பினர்கள் திருத்தித் தந்ததும் அச்சுக்குப் போகும்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்