ஹில்டெபரின் ஈமத்தீ: பெயோவுல்ஃப் கட்டுரை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, பழைய ஆங்கிலக் காப்பியமான பெயோவுல்ஃப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் அரிதாகவே பேசப்படும் ஒரு நூலுக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆயினும் அக்காப்பியத்தை ‘நன்மைக்கும் தீமைக்கும் நடந்த போரில் நன்மை வென்ற கதை’ என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த காலத்தில் முதல் சில ஆண்டுகள் நானும் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் குறையை உணர்ந்தவள் என்ற முறையிலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். கட்டுரை பெயோவுல்ஃபை ‘ஆங்கிலேய மாவீரன்’ என்கிறது. 3182 அடிகள் கொண்ட இக்காப்பியத்தின் மொழிதான் பழைய ஆங்கிலம்; கதை நிகழும் மண் ஸ்கேண்டிநேவியா. நாயகன் இன்றைய தெற்கு ஸ்வீடன் பகுதியில் வாழ்ந்த கீயட் குடியினன். அவன் கடல் கடந்து உதவச் செல்வது டேனிய மன்னன் ஹ்ரோத்காருக்கு. பாடிய புலவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அவர் கிறித்தவர் என்பது அடிக்கு அடி தெரிகிறது. அவர் பாடுவதோ கிறித்தவம் அறியாத பழங்குடி மன்னர்களை. அவர்களுடைய வீரத்தை நெஞ்சார வியக்கவும், அவர்களைக் கட்டிப்போட்டிருந்த பழிவாங்கும் கடமையைக் கண்டு வருந்தவும் அவரால் ஒருசேர முடிந்தது இந்த இடைவெளியால்தான் என்று நான் கருதுகிறேன்.

ஹ்ரோத்காரின் மக்களைக் கொன்றுவரும் அரக்கனான கிரெண்டல் தீயவன் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விவிலியத்தில் தம்பி ஆபேலைக் கொன்ற காயீனின் வழிவந்தவன் என்றே புலவர் அவனை அறிமுகப்படுத்துகிறார். 12 ஆண்டுகள் அவன் ஹ்ரோத்காரின் ஹெயோரோட் மாளிகையைச் சூறையாடுகிறான். ஆனால் அவன்மீது புலவர் சுமத்தும் குற்றங்களில் ஒன்றைக் கட்டுரையாளர் கவனிக்கத் தவறிவிட்டார்: கொன்றவர்களுக்கு ஈடாகப் பணம் கொடுத்துப் பகையைத் தீர்த்துக்கொள்ள அவன் இசையவில்லை என்பதே அது. பழைய ஆங்கிலம் பேசிய ஆங்கிலோ-சாக்சன் சமூகத்தில் கொல்லப்பட்டவனின் உயிருக்கு விலை உண்டு; ‘வெர்கில்ட்’ எனப்படும் அதைக் கொலையாளியின் தரப்பு செலுத்திவிட்டால் பழி அத்தோடு தீரும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் நாட்டு மன்னன் ஏத்தெல்பெர்ட் இயற்றிய சட்டத்தில் ஒரு சுதந்திர மனிதனின் உயிருக்கு 100 ஷில்லிங் என்று இருக்கிறது. பெயோவுல்ஃபின் தந்தை ஒரு கொலை செய்து பகையில் சிக்கியபோது, உயிர்விலையைத் தம் செல்வத்திலிருந்து கொடுத்து அவரை மீட்டவர் இதே ஹ்ரோத்கார்தான். ஆக, அரக்கனையே மனிதர்களின் சட்டத்தைக் கொண்டு அளக்கும் ஒரு புலவர், மனிதர்களை மட்டும் அளக்காமல் விட்டிருப்பாரா என்று நாம் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை, பலரும் கிளைக்கதை என்று தாண்டிச் செல்லும் ஓர் இடத்தில் இருக்கிறது. கிரெண்டலின் கையைப் பெயோவுல்ஃப் வெறுங்கையால் பிய்த்தெடுத்த மறுநாள், வெற்றி விருந்தில் அரசவைப் பாணன் ஒரு பாட்டுப் பாடுகிறான். டேனிய அரசகுமாரி ஹில்டெபர், ஃப்ரிசிய மன்னன் ஃபின்னுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டவள். அவளைக் காண வந்த அண்ணன் ஹ்னாஃபின் கூட்டத்துக்கும் கணவனின் ஆட்களுக்கும் சண்டை மூள்கிறது. விடிந்தபோது அண்ணனும் இறந்துகிடக்கிறான், எதிர்த்தரப்பில் போரிட்ட அவள் மகனும் இறந்துகிடக்கிறான். மாமனும் மருமகனும் தோளோடு தோள் எரியட்டும் என்று ஒரே ஈமத்தீயில் மகனின் உடலைக் கிடத்தச் சொல்கிறாள் அவள். அவள்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று புலவர் வெளிப்படையாகவே சொல்கிறார். அந்தப் பகையும் அங்கே ஓயவில்லை. சமாதான உறுதிமொழி கொடுத்து ஒரு பனிக்காலம் முழுவதும் எதிரியின் மண்ணிலேயே பொறுத்திருந்த, ஹ்னாஃபுக்குப் பின் அவன் கூட்டத்துக்குத் தலைவனான ஹெங்கெஸ்ட், பனி கரைந்ததும் பழியைத் தீர்க்கிறான். ஃபின் கொல்லப்படுகிறான். அண்ணன், மகன், கணவன் மூவரையும் இழந்த ஹில்டெபர், கொள்ளைப் பொருட்களோடு கப்பலேற்றப்பட்டுப் பிறந்த நாட்டுக்குக் கொண்டுவரப்படுகிறாள்.

அவையிலிருந்த டேனியர்களுக்கு இது தங்கள் முன்னோரின் வெற்றிப் பாட்டு. பாட்டு முடிகிறது, மது வார்க்கிறார்கள், எல்லோரும் உறங்கப் போகிறார்கள். அன்றிரவே மகனை இழந்த இன்னொரு தாய் அந்த மாளிகைக்குள் நுழைகிறாள். கிரெண்டலின் தாய் ஒரே ஒருவனைத்தான் கொல்கிறாள், ஹ்ரோத்காரின் உற்ற தோழன் எஷ்ஹெரேயை. பொதுக்காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த தன் மகனின் கையையும் எடுத்துக்கொண்டு போகிறாள். ஒரு மகனுக்கு ஓர் உயிர் என்ற அவளுடைய கணக்கு, ஹெங்கெஸ்டைக் கொண்டாடிய அந்த அவையின் கணக்கேயல்லவா? புலவர் அவளைப் பழிதீர்ப்பவள் என்றே அழைக்கிறார். இரு தரப்பும் தத்தம் அன்புக்குரியவர்களின் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்த அந்தப் பண்டமாற்று நல்லதாக இல்லை என்று தன் குரலிலேயே சொல்லவும் செய்கிறார். ‘நன்மை வென்றது’ என்று எழுதுவதற்கு முன் கட்டுரையாளர் இந்த ஒரு வரியிலாவது சற்று நின்றிருக்க வேண்டும்.

தோழனை இழந்து கலங்கும் ஹ்ரோத்காரிடம், மிகுதியாக அழுவதைவிட நண்பனுக்காகப் பழிவாங்குவதே எவருக்கும் மேலானது என்கிறான் பெயோவுல்ஃப். கட்டுரையாளர் இதைக் காப்பியத்தின் உயிர்நாடி என்று மேற்கோள் காட்டுகிறார். இளைஞனான ஒரு வீரனின் வாய்மொழி அது. அதுவே புலவரின் கருத்து என்று கொள்வதற்கில்லை. அந்த வாய்மொழியால் ஆறுதல் தரமுடியாத ஒரு துயரத்தைப் பெயோவுல்ஃபே தன் முதுமையில் நினைவுகூர்கிறான். அவனை வளர்த்த மன்னன் ஹ்ரேதெலின் மூத்த மகன், தம்பியின் அம்பு குறிதவறிப் பாய்ந்து இறந்துபோகிறான். கொன்றவனும் மகன், யாரைப் பழிவாங்குவது? யாரிடம் உயிர்விலை கேட்பது? அந்தத் தந்தை துயரத்திலேயே மாண்டுபோகிறார். அந்த வரிகளை வகுப்பில் உரக்க வாசித்த நாட்களில், பாடத்தைத் தொடர எனக்குச் சற்று நேரம் பிடிக்கும்.

சொல் அளவிலும் ஒரு சான்று உண்டு. ‘அக்லேகா’ என்ற பழைய ஆங்கிலச் சொல் கிரெண்டலுக்கும் அவன் தாய்க்கும் டிராகனுக்கும் வருகிறது. கடைசிப் போரில் டிராகனையும் பெயோவுல்ஃபையும் சேர்த்தே பன்மையில் அதே சொல்லால் புலவர் சுட்டுகிறார். சொல்லகராதி தொகுத்தவர்கள் அதற்கு அரக்கர்களிடத்தில் ‘கொடியோன்’ என்றும் வீரர்களிடத்தில் ‘மறவன்’ என்றும் வெவ்வேறு பொருள் எழுதினார்கள். மூலத்தில் இருப்பது ஒரே சொல்தான்.

முடிவுக்கு வருகிறேன். 50 ஆண்டுகள் நல்லாட்சி செய்த பெயோவுல்ஃப், விக்லாஃப் என்ற ஒற்றை இளைஞனின் துணையோடு டிராகனைக் கொன்று, தானும் இறக்கிறான். நன்மை வென்றிருந்தால் அடுத்து வருவது விழாவாக இருந்திருக்கும். வருவதோ, பழைய பகைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி, ஸ்வீடியர்கள் படையெடுத்து வரப்போகிறார்கள் என்று அறிவிக்கும் ஒரு தூதனின் நீண்ட உரை. பிறகு ஈமத்தீ மூட்டப்படுகிறது. அதன் அருகே கீயட் குலப் பெண் ஒருத்தி, வரவிருக்கும் படையெடுப்பையும் சாவுகளையும் சிறைப்படுதலையும் அஞ்சி ஒப்பாரி வைக்கிறாள்; வானம் புகையை விழுங்கியது என்கிறார் புலவர். பெயோவுல்ஃப் காப்பியம் நமக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான். 1731இல் லண்டனில் நேர்ந்த தீவிபத்தில் அதன் ஓரங்கள் கருகின. அந்தப் பெண்ணின் ஒப்பாரி உள்ள கடைசி ஏடு, பிரதியிலேயே மிக மோசமாகச் சிதைந்தவற்றில் ஒன்று. அவள் அழுத வரிகளில் சில சொற்களை அறிஞர்கள் ஊகித்துத்தான் நிரப்பியிருக்கிறார்கள். அடுத்த இதழ்களில் இக்காப்பியத்தைப் பற்றி மீண்டும் எழுத இடம் கிடைத்தால், ஹில்டெபரின் பகுதியையும் இந்தப் பெண்ணின் பகுதியையும் தமிழில் முழுமையாகப் பெயர்த்து வெளியிடும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி