59-க்கு 56

கிளாஸ்கோ
10.5.2015

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தல் முடியட்டும், மொத்தமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56-ஐ, தனிநாடு கேட்கும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அள்ளிவிட்டது. போன தடவை அவர்களுக்கு இருந்தது 6. 41 வைத்திருந்த தொழிற்கட்சிக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று.

நானும் ஓட்டுப் போட்டேன், தெரியுமா? இந்திய பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரன் இங்கே முறைப்படி குடியிருந்தால் வாக்குரிமை உண்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூத். விரலில் மை கிடையாது, மெஷின் கிடையாது, அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. பெயரும் விலாசமும் சொன்னதும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். தடுப்புக்குள் போனால் நூலில் கட்டிய ஒரு மொட்டைப் பென்சில்! அதால் பெருக்கல் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். நம் ஊர் ஏஜென்டுகள் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். யாருக்குப் போட்டேன் என்று மட்டும் கேட்காதே.

ராத்திரி முழுக்க டிவிதான். பெய்ஸ்லியில் மைரி பிளாக் என்று இருபது வயதுப் பெண், இன்னும் கல்லூரி மாணவி, முன்னாள் அமைச்சர் டக்ளஸ் அலெக்சாண்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன் போன முறை 23,000 வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியும் போயிற்று.

போன செப்டம்பர் பொதுவாக்கெடுப்பில்தானே தனிநாடு வேண்டாம் என்று 55 சதவீதம் பேர் சொன்னார்கள், பிறகு எப்படி இது என்பாய். வேண்டும் என்ற 45 சதவீதம் பெரும்பாலும் கலையாமல் ஒரே கட்சிக்கு வந்தது. வேண்டாம் என்றவர்கள் மூன்று கட்சிகளுக்குச் சிதறினார்கள். அதோடு, அந்தப் பிரசாரத்தில் கன்சர்வேடிவ்களோடு ஒரே மேடையில் நின்ற தொழிற்கட்சியை இந்த ஊர் உழைப்பாளி ஜனம் மன்னிக்கவில்லை. ‘சிவப்பு டோரிகள்’, அதாவது சிவப்புச் சட்டை மாட்டிய கன்சர்வேடிவ்கள், என்றே திட்டுகிறார்கள்.

தேசியக் கட்சி என்றால் வந்தேறியை விரட்டுமோ என்று கேட்டிருந்தாய். அந்தப் பேச்சு யூகிப் என்கிற ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சியுடையது. இவர்களுக்கு இங்கே வாழ்கிறவன் எல்லாம் இந்த ஊர்க்காரன். ஆனால் கணக்கைப் பார்: யூகிப்புக்கு நாடு முழுக்க 38 லட்சம் ஓட்டு, ஒரு எம்.பி. இவர்களுக்கு 14 லட்சம், 56 எம்.பி. போன வருஷம் நம் ஊரில் 44 சதவீதத்தில் அதிமுக 37 எடுத்ததும் 23 சதவீதத்தில் திமுக சைபரானதும் பார்த்த உனக்கு நான் விளக்க வேண்டுமா?

இரண்டு ஊருக்கும் உள்ள ஒற்றுமை அதோடு முடியவில்லை. டெல்லியில் மோடிக்குத் தனி மெஜாரிட்டி. அதிமுகவின் 37 பேரும் மூன்றாவது பெரிய கட்சி என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே கன்சர்வேடிவ் பிரதமர் கேமரூனுக்கு 331, அதுவும் தனி மெஜாரிட்டி. இந்த 56 பேரும் மூன்றாவது பெரிய கட்சிதான். கத்தலாம், கவிழ்க்க முடியாது. போதாக்குறைக்கு, தொழிற்கட்சித் தலைவராக இருந்த மிலிபேண்ட் ‘இவர்கள் சட்டைப்பையில் இருப்பார்’ என்று போஸ்டர் ஒட்டித்தான் கேமரூன் இங்கிலாந்தில் பயம் காட்டினார். இவர்கள் வளர்ந்தது அவருக்கே லாபம் என்பது என் வாதம். இங்கே நண்பர்கள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நாளைக்குப் பெங்களூரில் ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கு அப்பீலில் தீர்ப்பாமே. மதுரையில் கடைகள் திறந்திருக்குமா? நடந்ததை எழுது. பாப்பா எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
குமார்