ஜூன் முதல் தவணை நாள் மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜூன் 1 முதல் நம் வாடகை நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரும் நாள் கணக்கு மாறுகிறது. மர்ம நாவல், திரில்லர் எல்லாவற்றுக்கும் 5 நாள். நீங்கள் ஃபேண்டஸி என்று கேட்டு வாங்கும் மிகுபுனைவு நாவல்களுக்கு 21 நாள். இதுவரை எதை எடுத்தாலும் 7 நாள் என்றுதான் வைத்திருந்தோம். வாடகை ஏறவில்லை. ஏன் மாற்றினோம் என்று மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துச் சொன்னால் பின்னால் காத்திருப்பவருக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் எழுதிவிட்டேன். மே மாதம் முழுக்க நானும் என் தங்கையும் என்ன படித்தோம் என்பதும் இதிலேயே வருகிறது, ஏனென்றால் அந்தப் படிப்பில் இருந்துதான் இந்த மாற்றமே வந்தது.

ஏப்ரல் கடைசியில் ஓர் அம்மா வந்தார். மாமியாருக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நோயாளியோடு துணைக்கு வந்தவர்களின் பொழுது எப்படிப் போகும் என்று தோட்டப்பாளையத்தில் கடை வைத்திருக்கிற எங்களுக்குத் தெரியும். பார்வை நேரம் முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். தெரியாத ஊர், மின்விசிறி சுற்றுகிற சின்ன அறை, பயம். அவர் ஒரு மர்ம நாவல் எடுத்துப் போனார். மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டார். 14-ஆம் பக்கத்தில் ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் "இவன்தான்" என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். "ராத்திரி வேற நெனப்பு வரக் கூடாதுன்னுதான் எடுத்தேன் தம்பி. இனிமே இதுல என்ன இருக்கு?" என்றார்.

வாடகை வாங்காமல் வேறு புத்தகம் கொடுத்து அனுப்பினேன். மனசு ஆறவில்லை. ஒரு மர்ம நாவலில் அந்த ஒரு பெயர்தான் சொத்து. அது போனால் மீதி வெறும் காகிதம். மறுநாளே மர்ம அலமாரி முழுவதையும் கீழே இறக்கி, ஆளுக்கொரு ரப்பரோடு உட்கார்ந்தோம். அக்னி நட்சத்திர நேரம், பகல் பன்னிரண்டுக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. பக்கம் பக்கமாகத் திருப்பிக் கோடு அழிக்கிறவர்கள் படிக்காமல் இருக்க முடியுமா? அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பிறந்ததிலிருந்து துப்பறியும் கதை ஆள். தங்கை டிராகன், மந்திரவாதி, ஏழு கடல் தாண்டிய தீவு, இதைத் தவிர வேறு தொடமாட்டாள். இந்த மாதம் அலமாரியை மாற்றிக்கொள்ளலாம் என்று அவள்தான் சொன்னாள்.

அவள் கையில் முதலில் அகப்பட்டது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. குமுதத்தில் தொடராக வந்தபோது எங்கள் அப்பா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் செய்து வைத்த பிரதிதான் இன்றும் நம் கடையில் இருக்கிறது. சொத்துக்கு வாரிசான ஓர் இளம்பெண், அவளைச் சுற்றி நடக்கிற அமானுஷ்யம், விசாரிக்க வருகிற வக்கீல்கள் கணேஷும் வசந்தும். பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியை ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுபடி நிமிர்த்துகிறது. இதை மர்ம அலமாரியில் வைப்பதா, மிகுபுனைவில் வைப்பதா என்று எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. என் கட்சியைச் சொன்னால் முடிவைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இப்போதைக்கு இரண்டு அலமாரிக்கும் நடுவில் உள்ள தட்டில் இருக்கிறது, அங்கேயே கேளுங்கள்.

அடுத்து ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்', 2005-இல் வந்த நாவல். ஆங்கில மொழிபெயர்ப்புதான் நம்மிடம் இருக்கிறது. கொலை செய்தது யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், அதனால் பயப்படாமல் சொல்கிறேன். துன்புறுத்துகிற முன்னாள் கணவனை ஒரு பெண் கொன்றுவிடுகிறாள். பக்கத்து வீட்டில் இருக்கிற கணக்கு வாத்தியார் அதை மறைக்க உதவுகிறார். அவருடைய கல்லூரிக் கால நண்பர், இயற்பியல் பேராசிரியர், விசாரணைக்குள் வருகிறார். "யாருன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன சுவாரஸ்யம்?" என்று இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தவர்கள் நிறைய. தயவுசெய்து எடுங்கள். யார் என்பதை முன்னாலேயே கொடுத்துவிட்டு வேறொன்றை நம் கண்ணெதிரே ஒளித்து வைத்திருக்கிறார் ஆசிரியர். அது எது என்று தெரிகிற இடத்தில் தங்கை புத்தகத்தை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் என்றாள். மர்ம நாவல் படித்து அவள் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926-இல் வந்தது. கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்து, தோட்டத்தில் காய் பயிர் செய்துகொண்டிருக்கிற துப்பறிவாளர் பொய்ரோவைத் தேடி ஒரு கொலை வருகிறது. இதன் முடிவு நியாயமா, வாசகரை ஏமாற்றியதா என்று வந்த நாளில் இருந்தே சண்டை. நான் முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பி, சந்தேகப்பட்ட இடம் ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்தேன். எல்லாத் தடயமும் அங்கேயே இருக்கிறது. என் தீர்ப்பு, நியாயம்தான்.

நியாயம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். ரொனால்ட் நாக்ஸ் என்கிற பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் போட்டார். அதில் ஒன்று, இரகசிய அறையோ சுரங்கப்பாதையோ ஒன்றுக்கு மேல் வரக் கூடாது என்பது. வேலூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். கோட்டையில் இருந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் சுரங்கப்பாதை போகிறது என்று கேட்டுத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம்? அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்ற கதையும் கூடவே வரும். அந்த ஒரு சுரங்கத்தை வைத்து நல்ல திரில்லர் ஒன்றைத் தமிழில் யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எழுதினால் பத்துப் பிரதி வாங்கிப் போடுகிறேன்.

இந்த மண்ணுக்கும் துப்பறியும் கதைக்கும் பழைய உறவு உண்டு. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிற ஆரணி அன்றைக்கு நம் ஊரைப் போலவே வடஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் நூறு வருடங்களுக்கு முன்னாலேயே ஆங்கில நாவல்களைத் தழுவி, ஆளையும் ஊரையும் நம்முடையதாக மாற்றி, துப்பறியும் நாவல்களை வரிசையாக எழுதினார். அவருடைய நடை இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். நம் கடையில் இரண்டு மறுபதிப்புகள் உண்டு. பெரியவர்கள் யாரிடமாவது பழைய பிரதி இருந்தால் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள், எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சரி, என் பக்கத்துக் கதைக்கு வருகிறேன்.

தங்கை எனக்குக் கொடுத்த முதல் புத்தகம் அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ', 1968. கடலும் தீவுகளும் மட்டுமே உள்ள ஓர் உலகம். முன்பக்கத்தில் வரைபடம். வாயில் நுழையாத தீவுப் பெயர்கள். நாற்பதாம் பக்கத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தேன். "அண்ணா, நீ வேகமா ஓடற. இது ஓடற புத்தகம் இல்ல" என்றாள். மூன்றாவது தடவை ஒரு நாளைக்கு ஒரே அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உள்ளே போக முடிந்தது.

மலைத்தீவில் ஆடு மேய்க்கிற ஒரு பையன். பெரியம்மா சொல்லக் கேட்ட மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல, ஆடுகள் எல்லாம் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன, விலகமாட்டேன் என்கின்றன. ஜவ்வாது மலைப் பக்கம் மந்தையோடு போகிற பையன்களைப் பார்த்தவர்களுக்கு அவன் அந்நியன் இல்லை. அவன் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாநிறமோ கறுப்போதான், ஆசிரியை தெரிந்தே அப்படி வைத்தார். அந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவனுக்கு அந்தப் பொருளின் மேலும் ஆளின் மேலும் அதிகாரம் வந்துவிடும். அதனால் உண்மைப் பெயரை யாரும் வெளியில் சொல்வதில்லை, கூப்பிடுவதற்கு வேறு பெயர். இதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. இராத்திரியில் வாசலில் இருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று தரம் கூப்பிடுகிற வரை பதில் கொடுக்கக் கூடாது என்பார். தாத்தாவின் பெயரை அவர் வாயால் கடைசி வரை சொன்னதில்லை. ஓட்டுப் போடப் போன இடத்தில்கூடப் பக்கத்தில் நின்றவர்தான் சொன்னார். எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதின புத்தகம் எங்கள் ஆயாவுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறதே என்று அன்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையன் மந்திரப் பள்ளிக்குப் போய், வீம்புக்குச் செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறான். ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அது துரத்த அவன் ஓடுகிறான், பிறகு ஓர் இடத்தில் நின்று, திரும்பி, அவன் அதைத் துரத்துகிறான். அந்தப் பின்பாதியை நான் படித்த எந்தத் திரில்லரும் மிஞ்சவில்லை. ஆனால் முன்பாதியைப் பொறுமையாகப் படித்தவனுக்குத்தான் அந்த ஓட்டம் கிடைக்கும்.

டோல்கீனின் 'தி ஹாபிட்', 1937, சுலபமாகவே போனது. இருட்டுக் குகைக்குள் இரண்டு பேர் மாற்றி மாற்றி விடுகதை போடுகிற அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பின்னால் எழுதிய பெரிய கதையோடு பொருந்த வேண்டும் என்று அந்த அத்தியாயத்தை ஆசிரியரே 1951 பதிப்பில் மாற்றி எழுதினார். அந்தப் பெரிய கதை, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', இன்னும் என் மேஜையில் பாதியில் இருக்கிறது.

அமீஷ் திரிபாதியின் 'மெலூஹாவின் அமரர்கள்' தமிழிலேயே கிடைக்கிறது. நம் கடையில் அதிகம் வெளியே போகிற மிகுபுனைவு இதுதான். சிவனைத் திபெத்தில் இருந்து வந்த ஒரு குலத் தலைவனாக, மனிதனாக வைத்துப் பார்க்கிற துணிச்சல் எனக்குப் பிடித்தது. பேச்சு மட்டும் இந்தக் கால ஆபீஸ் பேச்சு மாதிரி பல இடங்களில் ஒலிக்கிறது, அது ஒட்டவில்லை. தங்கைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. முதல் பாகம் சரியான ஆபத்தான இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் முதல் பாகம் 2010, இரண்டாவது 2011, மூன்றாவது 2013. அன்றைக்குப் படித்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். நம் வாடிக்கையாளர்கள், அடுத்த பாகத்தை வேறொருவர் எடுத்துப் போய்விட்டதால் காத்திருக்கிறார்கள்.

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். மர்ம நாவலை இழுத்துப் படித்தால் முடிச்சு தளர்ந்துவிடுகிறது. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார், சாவி யாரிடம் இருந்தது, இது எல்லாம் நாலைந்து நாளைக்கு மேல் மனசில் நிற்பதில்லை. பத்து நாள் கழித்துக் கொண்டுவந்து "அந்த டிரைவர் யாருங்க, மறந்தே போச்சு" என்று கேட்டவர்கள் உண்டு. 5 நாள் போதும். வேலையால் முடியவில்லை என்றால் சொல்லுங்கள், இன்னொரு 5 நாள் எழுதிக்கொள்கிறேன். மிகுபுனைவில் இதற்கு நேர்மாறு. ஊர், மலை, கடல், சட்டம், சாமி எல்லாவற்றையும் ஆசிரியர் அடித்தளத்தில் இருந்து கட்டிக்கொண்டு வருகிறார். அதற்குள் குடியேற நாளாகும். 7 நாள் தவணை வைத்து, தாமதத்துக்கு நாளைக்கு 2 ரூபாய் என்று வாங்கியது நாங்கள் செய்த தவறு. என் தங்கையைப் போல நிதானமாகப் படிப்பவர்கள்தான் அதிகம் கட்டியிருக்கிறார்கள். மார்ச்சுக்குப் பிறகு மிகுபுனைவுக்குத் தாமதக் கட்டணம் கட்டியவர்களின் கணக்கைப் பதிவேட்டில் எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

தொடர் நாவல்களை இனிமேல் பாகம் பாகமாகக் கொடுக்கமாட்டோம். எல்லாப் பாகமும் ஒரே கட்டாக, ஒரே டெபாசிட்டில் வரும். டோல்கீன் ஒரே நாவலாக எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகித விலை காரணமாகத்தான் 1954, 55-இல் மூன்று புத்தகமாகப் பிரித்துப் போட்டார்கள். அன்று பதிப்பாளருக்கு வேறு வழியில்லை. நமக்கு அந்த நெருக்கடி இல்லையே. கட்டாக எடுத்தால் 45 நாள்.

பென்சிலைப் பற்றி ஒரு வேண்டுகோள். கொலைகாரனைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கும் தெரியும். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கும். அதற்காகவே ஒவ்வொரு மர்ம நாவலின் பின்னட்டைக்குள்ளும் ஓர் உறை ஒட்டியிருக்கிறோம். உங்கள் ஊகத்தை ஒரு சீட்டில் எழுதி, எத்தனையாவது பக்கத்தில் தோன்றியது என்றும் குறித்து, மடித்து அதில் போடுங்கள். புத்தகத்தை முடித்தவர்கள் மட்டும் பிரித்துப் பார்க்கட்டும். பக்கங்களில் எதுவும் வேண்டாம்.

அந்த அம்மா மே இரண்டாம் வாரம் ஊருக்குக் கிளம்புகிற அன்று வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமியார் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், தேறியிருந்தார். உறைக்குள் போட்ட முதல் சீட்டு அவருடையதுதான். ஊகம் சரி.

கடைசியாக ஒன்று. 'மெலூஹா' வரிசையின் இரண்டாம் பாகத்தின் தமிழ்ப் பிரதி ஏப்ரலில் இருந்து உங்களில் ஒருவர் வீட்டில் இருக்கிறது. ஏழு பேர் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். தாமதக் கட்டணம் கேட்கமாட்டேன், புத்தகம் வந்தால் போதும். கடை பூட்டியிருந்தால் பக்கத்து டைலர் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடகை நூலகம்
தோட்டப்பாளையம், வேலூர்