பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கு மலையிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், மலையில் எங்கள் வண்டிகளைப் பார்த்துச் சான்று கொடுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

ஆய்வாளர் என்று மரியாதைக்காக எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் உங்களுக்குப் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். விளக்கு, டயர், புகை, ஸ்டிக்கர் என்று எத்தனையோ பார்க்கிறீர்கள். ஆனால் சனங்கள் வைத்த பெயரில் பிரேக் மட்டும்தான் நின்றது. மலையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அந்தப் பெயர் சரியாகத்தான் படுகிறது. நான் எழுத வந்ததும் பிரேக்கைப் பற்றித்தான்.

நான் நீலகிரியில் கேத்தி பாலாடாக்காரன். 2016இல் வாங்கிய ஒரு குட்டி யானையும் (டாடா ஏஸ் லோடு வண்டி), 2003இல் அப்பா வாங்கிய ஒரு ஜீப்பும் எங்கள் வீட்டில் உண்டு. குட்டி யானை டி போர்டு, அதாவது வாடகை வண்டி; ஜீப் ஓன் போர்டு, சொந்த வண்டி. மாலையில் கேரட்டை மெஷினில் கழுவி மூட்டை கட்டி ஏற்றினால், ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சத்தில். நடுவில் இருப்பது முப்பது சொச்சம் கிலோமீட்டர் ரோடும் 14 கொண்டை ஊசி வளைவுகளும். சட்டப்படி என் வண்டியில் ஏற்றலாம் என்பது முக்கால் டன்தான். நடைமுறையில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்று எழுதினால் இந்த மடலே எனக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். போன முறை குட்டி யானையை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, காட்டிச் சான்றிதழை வாங்கி டாஷ்போர்டுக்குள் போட்டவன், அதில் இருந்த தேதியைப் படிக்கவில்லை. அதற்கு முந்தைய முறை இரண்டு வருஷத்துக்குக் கிடைத்தது, இதுவும் அப்படித்தான் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டேன். பதின்மூன்றாவது மாதம் ஒரு வாகனத் தணிக்கையில் நிறுத்தினார்கள். எஃப்.சி. முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது.

அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தேன். புது வாடகை வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு வருஷம். எட்டு வயது வரை புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டிரண்டு வருஷம். எட்டு தாண்டினால் வருஷத்துக்கு ஒரு முறை. 2018 கடைசியில் விதியை இப்படித் திருத்தியிருக்கிறார்கள். என் குட்டி யானைக்கு 2024இல் எட்டு முடிந்துவிட்டது, எனக்குத்தான் அது உறைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி, முறையாகப் பதிவு செய்யாத வண்டிக்குச் சமம் என்று இருக்கிறது. அதாவது அந்த ஒரு மாதமும் நான் மண்டிக்கு ஓட்டிப் போனது சட்டத்தின் கண்ணில் வண்டியே இல்லை. அதில் ஏதாவது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

ஜீப்பின் கதை வேறு. சொந்த வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. கிடையாது. பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அது முடிந்தபின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டியைக் கொண்டுவந்து உங்களிடம் காட்ட வேண்டும். இவ்வளவுதான் விதி. இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2023இல் இரண்டாவது தடவை புதுப்பிக்கப் போனபோது ஒரு புரோக்கர், “பதினஞ்சு தாண்டின டீசல் வண்டிக்கெல்லாம் இனிமே கிடையாதுண்ணே, ஸ்கிராப்புதான். நான் பேசி முடிச்சுத் தரேன்” என்று ஒரு தொகை சொன்னார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற வயசு வரம்பு டெல்லிப் பக்கத்துச் சமாச்சாரம். 2023 ஏப்ரலில் இருந்து 15 வருஷம் தாண்டினால் பதிவு போய்விடும் என்றானது அரசாங்க வண்டிகளுக்கு. இந்த இரண்டையும் கலந்து, எங்கள் ஜீப்பின் தலையில் கட்டிவிட்டார் அந்தப் புரோக்கர்.

ஆனால் கட்டணம் ஏறியது பொய்யில்லை. 2018இல் இதே ஜீப்புக்குக் கட்டியது 600 ரூபாய். 2022 ஏப்ரலில் இருந்து அது 5,000 ஆனதால் 2023இல் 5,000 கட்டினோம். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 10,000 என்று ஆக்கியிருக்கிறார்கள், ஆக 2028இல் எங்களுக்கு அதுதான். பழைய வண்டியை ரோட்டிலிருந்து இறக்க வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. அதைப் பற்றிச் சண்டை போட இந்த மடல் இல்லை.

சரி, பிரேக்குக்கு வருகிறேன்.

எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்வது என்றால் எங்களிடையே என்ன அர்த்தம் தெரியுமா? டிங்கர் வேலை, பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், எரியாத பல்பு, கிழிந்த சீட். மொட்டை டயரைக் கழற்றி, தெரிந்தவரிடம் நல்ல டயரைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு வருகிற ஆட்களும் உண்டு. கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் புதிதாக்கிவிடுவோம். கண்ணுக்குத் தெரியாமல் டிரம்முக்குள் இருக்கிற பிரேக் லைனிங்கும், அதைத் தள்ளுகிற வீல் சிலிண்டரும் பழைய கோலத்திலேயே வந்து நிற்கும். அபராதம் கட்டியபின் நானும் அப்படித்தான் போய் நின்றேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அந்த ஆய்வாளர் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளை வாங்கிக்கொண்டார், விளக்கைப் போடச் சொன்னார். அப்புறம், “அந்த ஏத்தத்துல நிறுத்திட்டு ஹேண்ட் பிரேக் போட்டுட்டு இறங்குங்க” என்றார். போட்டேன். காலை எடுத்ததும் வண்டி பின்னால் நகர்ந்தது. மறுபடி ஏறிக் காலால் மிதித்து நிறுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

உண்மை என்னவென்றால், நான் ஹேண்ட் பிரேக் போட்டே பல வருஷம் ஆகியிருந்தது. மலையில் பாதிப் பேர் அப்படித்தான். நின்றதும் பக்கத்தில் இருக்கிற பையன் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பான். “கல்லு போடுடா” என்ற சத்தத்தைக் கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு லோடும் இறங்கியதில்லை. அந்தக் கல்லை நம்பி ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த ஆய்வாளர் சான்று தராமல் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அவரை நான் திட்டியது நிஜம். கேபிள் மாற்ற டிரம்மைக் கழற்றியபோது மெக்கானிக் உள்ளே கையை விட்டுக் காட்டினார். ஒரு பக்கம் லைனிங் தேய்ந்து ரிவெட் தெரிந்தது, இன்னொரு பக்கம் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தது. அதோடுதான் நான் கேரட் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் ஆய்வாளர்களிடம் முதல் வேண்டுகோள் இதுதான். சமதளத்தில் நாலடி ஓட்டி நிறுத்திக் காட்டச் சொன்னால் எந்த வண்டியும் நின்றுவிடும், அதிலும் காலி வண்டி. மலை இறக்கத்தில் பிரேக் போவது வேறு விதம். மிதித்துக்கொண்டே வருவதில் டிரம் சூடேறி, லைனிங் தீய்ந்த வாசம் வந்து, பத்தாவது வளைவில் மிதித்தால் மிதி கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டாம் கியரில் இறங்கு என்று வழி நெடுக போர்டு வைத்திருக்கிறீர்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். எஞ்சினையே அணைத்துவிட்டு வருகிற மகானுபாவர்களும் உண்டு. மிதியை லேசாக்குகிற பூஸ்டர் வேலை செய்யாமல் மிதி கல்லாக இறுகும்போதுதான் அவர்களுக்குப் புத்தி வரும். எஃப்.சி. நாளன்று டிரம்மைக் கழற்றிப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை, தெரியும். ஏற்றத்தில் நிறுத்திப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். மலையில் ஏற்றத்துக்குப் பஞ்சமா?

இனி ஆணையர் அவர்களுக்கு. வண்டிச் சோதனையை மனிதர் கையிலிருந்து இயந்திரத்துக்கு மாற்ற 2021 செப்டம்பரில் மத்திய அரசு விதி போட்டது. தானியங்கி சோதனை நிலையம் வந்த இடத்தில் வாடகை வண்டிகள் அங்கேதான் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்கு நான் எதிரி இல்லை. உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும் இயந்திரம், என் எண்ணெய் ஊறிய லைனிங்கை முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். இடது பக்கம் பிடித்து வலது பக்கம் வழுக்குகிற வண்டி கொண்டை ஊசி வளைவில் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங் ஆட்டம், சக்கரம் பக்கவாட்டில் இழுப்பது, ஹெட்லைட் எங்கே அடிக்கிறது, எல்லாவற்றுக்கும் இயந்திரம் இருக்கிறது. ஜூலை மஞ்சில் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிற ஹெட்லைட்டை நினைத்தால் அது ஒன்றுக்காகவே வரட்டும் என்று தோன்றுகிறது.

எனக்கிருக்கும் பயம் ஒன்றுதான். இப்படி ஒரு நிலையம் கட்டப் பெரிய சமதளம் வேண்டும், தினமும் நிறைய வண்டி வர வேண்டும். மலையில் இரண்டும் கம்மி. எவராவது மேஜையில் வரைபடத்தை விரித்து, “நீலகிரி வண்டியெல்லாம் கீழேயே வந்து காட்டட்டும், அம்பது கிலோமீட்டர்தானே” என்று சொல்லிவிடக்கூடும். அப்படி ஆனால் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? பிரேக் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அந்தப் பிரேக்கை நம்பி 14 வளைவு இறங்க வேண்டும். பிடிக்கிறது என்றால் சான்று. பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல ஆள் அங்கே வந்து சேரவே மாட்டான். மஞ்சூர் உள்ளே இருந்து வருகிற ஜீப்காரருக்கு இது ஒரு முழு நாள் கூலியும் டீசலும்கூட.

புகை விஷயமும் ஒன்று. காற்று மெலிந்த இந்த உயரத்தில் டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் கொஞ்சம் கருப்பாகத்தான் விடும். கீழே தேறுகிற வண்டி மேலே தேறாமலும் போகலாம், மேலே நன்றாக ஓட டியூன் பண்ணியதைக் கீழே வேறு மாதிரி அளக்கவும் கூடும். வண்டி எந்த உயரத்தில் ஓடுகிறதோ அங்கேயே அளப்பதுதான் நியாயம்.

ஆகவே நிலையம் என்று வரும்போது மலை மேலேயே வேண்டும். பஸ், லாரிக்கு இடம் பற்றாது என்றால் ஜீப், பிக்கப், மேக்சிகேப், ஆட்டோ அளவுக்கு ஒரே ஒரு லேன் போதும். பள்ளி வண்டிகளை வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறீர்கள் அல்லவா, அதே முறையில் கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் மாதத்துக்கு ஒரு நாள் லோடு வண்டிகளைப் பார்த்தால் என்னைப் போல ஒரு மாதம் கழித்து முழிக்கிற ஆட்கள் குறைவார்கள்.

இன்னொன்று தோன்றியது, சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இருக்கிறது. 2025 சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று எண்ணி விட்டார்கள். பாஸ் எடுக்க வண்டி நம்பர் கொடுக்கத்தான் வேண்டும். அந்த நம்பரை வண்டிப் பதிவுகள் இருக்கும் அரசின் பரிவாகன் கணக்கில் தட்டினால் எஃப்.சி. என்றைக்கு முடிகிறது என்பது தெரிந்துவிடும், என் ஃபோனிலேயே தெரிகிறதே. எஃப்.சி. முடிந்த சுற்றுலா வேனுக்குப் பாஸ் வராது என்று வைத்தால் என்ன? பர்லியாறு பக்கம் சாயங்காலம் லைனிங் தீயும் வாசத்தோடு ஓரம் கட்டி நிற்கிற வேன்களில் பாதி சமவெளி நம்பர்தான். அவர்கள் ஊரில் அந்தப் பிரேக் நன்றாகவே பிடித்திருக்கும்.

கடைசியாக, ஒரு போர்டு. அலுவலக வாசலில், பெரிய எழுத்தில், தமிழில். டி போர்டு வண்டிக்கு எத்தனை வயசில் எத்தனை வருஷம், ஓன் போர்டுக்கு என்ன, கட்டணம் எவ்வளவு, எதைப் பார்ப்போம், தேறாவிட்டால் அடுத்து என்ன. பத்து வரிக்கு மேல் ஆகாது. அது கண்ணில் பட்டிருந்தால் என் அப்பா அந்த இரண்டு நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார்.

குட்டி யானைக்கு அடுத்த எஃப்.சி. பிப்ரவரி 11. இந்தத் தடவை தேதியை மார்க்கரால் ஸ்டியரிங் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஹேண்ட் பிரேக்கும் போடுகிறேன். பையன் இன்னும் கல்லை வைத்துக்கொண்டுதான் இருக்கிறான், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு குட்டி யானை ஓட்டுநர்,
கேத்தி பாலாடா, நீலகிரி.