பத்தாவது படிக்கிற பொம்பளப்புள்ளைகளோட அம்மா அப்பாவுக்கு

வணக்கம்ங்க. ரிசல்ட் வந்ததும் ப்ளஸ் ஒன்ல என்ன குரூப்னு வீட்ல பேச்சு வரும், அதுக்கு முன்னாடியே சொல்லிரணும்னுதான் எழுதுறேன். கணக்குல நல்லா மார்க் எடுக்குற பையங்ககிட்ட கேட்டா டக்குனு ஃபர்ஸ்ட் குரூப்ங்கறான், அதே மார்க் எடுக்குற பொம்பளப்புள்ள "வீட்ல என்ன சொல்றாங்களோ சார்"னு தலைய குனிஞ்சுக்குது. எனக்கு மனசே ஆறல.

விடியக்காலம் ஜீப்ல குமுளி மல ஏறி ஏலத்தோட்டத்துக்கு போறீங்கல்ல, அங்கருந்து வண்டிப்பெரியாறு தாண்டினா பீர்மேடு. 1918ல அங்க பொறந்தவங்க வானிலை விஞ்ஞானி அன்னா மணி. வசதியான குடும்பம்தான், ஆனா அங்கயும் பையங்களுக்கு உத்தியோகம், பொண்ணுகளுக்கு கல்யாணம். எட்டாவது பொறந்தநாளுக்கு வைரத்தோடு குடுத்தா, வேணாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாங்கன்னு கேட்டுச்சாம் அந்தப் புள்ள. மெட்ராஸ்ல பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சி.வி.ராமன்கிட்ட வைரம் மாணிக்கத்த வச்சே ஆராய்ச்சி பண்ணி கட்டுரை போட்டும், எம்.எஸ்சி இல்லைன்னு மெட்ராஸ் யுனிவர்சிட்டி பிஎச்.டி குடுக்கல. அவங்க நிக்கல. 1948ல வானிலைத் துறையில சேந்து, வெளிநாட்டுலருந்து வாங்கிட்டிருந்த கருவிகள இங்கயே செய்ய வச்சு, துணைத் தலைமை இயக்குநரா 1976ல ரிட்டயர் ஆனாங்க. அதே கழகத்துல, உயிர்வேதியியல் விஞ்ஞானி கமலா சோஹோனிய 1933ல பொம்பளைங்கறதுக்காகவே முதல்ல சேத்துக்கல, அவங்க விடாம நின்னு எடம் வாங்குனாங்க. சூரியன ஆராய இஸ்ரோ அனுப்புன ஆதித்யா எல்1 விண்கலத்தோட திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரங்கதான்.

இன்னைக்கும் உலகத்துல ஆராய்ச்சி பண்றவங்கள்ல மூணுல ஒருத்தர்தான் பொம்பள. ஏன்னு நம்ம லேப்லயே தெரியும், வயர் மாட்டுறது மீட்டர் பாக்குறது பையங்க, ரெக்கார்டு நோட்டுல அழகா எழுதுறது பொண்ணுக, யாரும் சொல்லித்தராமயே அப்படி பிரிஞ்சு உக்காருதுக. இனிமே ஒவ்வொரு பெஞ்ச்லயும் பொண்ணுகதான் முதல்ல வயர் மாட்டணும்னு சயின்ஸ் டீச்சர்ட்ட சொல்லிட்டேன்.

உங்க கஷ்டம் புரியாம பேசல. அம்மா ஜீப் ஏறிட்டா சின்னப்புள்ளைய பாக்க, சோறு வடிக்க மூத்த பொண்ணுதான், கம்பத்துக்கு தனியா பஸ்ல அனுப்ப பயம் வேற. ஆனா தம்பி டியூசன் போற நேரத்துல அக்கா பாத்திரம் வெளக்குறா பாருங்க, அத மாத்த காசு வேணாம். ஆறாவதுலருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுக காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வருது, இஞ்சினியரிங், மெடிக்கல் சீட்டுல கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடும் இருக்கு.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஸ்கூல்ல மீட்டிங், தோட்டத்து ஜீப் திரும்புற நேரம் பாத்துத்தான் வச்சிருக்கேன். அம்மாவ மட்டும் அனுப்பிராதீங்க, அப்பாவும் வரணும், பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, எந்த குரூப்னு அவளே சொல்லட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்