‘கார்’ தனியே, ‘காலம்’ தனியே: காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கவிஞரின் பருவகால நகைச்சுவைக் குறுங்கவிதைகள் நூலாகி, ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்கு வந்தன. 96 பக்கம், முதல் அச்சு 300 படி. அத்தனையும் தீர்ந்துவிட்டன. இரண்டாம் அச்சு 200 படி பைண்டிங்கில் இருக்கிறது. பலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே இங்கே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி கவிஞரின் வீட்டாருக்கு. கவிஞர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் பால்காரர் மணி அடிக்கும் வரைதான் அவருக்கு எழுத்து நேரம். அதற்குப் பிறகு தண்ணீர் பிடிப்பது, பள்ளி, விடைத்தாள் கட்டு என்று நாள் ஓடிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் விளக்குப் போட்டுப் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டவர் அவருடைய துணைவியார். ஒன்பது நோட்டுகளையும் கணினியில் ஏற்றித் தந்தவர் மகள். ஒவ்வொரு கவிதையின் தலையிலும் தமிழ் மாதமும் தேதியும் இருந்ததை அவர் ஒன்றுகூட விடாமல் சேர்த்து அடித்தார். அது இல்லாவிட்டால் நூலை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்க முடியாது. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். பருவம் மாறி உட்கார்ந்தால் சிரிப்பு வராது. மோர்ப்பந்தல் கவிதையை மார்கழிப் பகுதியில் வைத்துப் படித்துப் பாருங்கள், தெரியும்.

முதல் இரண்டு நோட்டுகளைப் போனில் குரல்வழித் தட்டச்சாக ஏற்றினோம். ந, ன வேறுபாடு அதற்குக் காதில் விழாது; ண, ன, ர, ற, ல, ள, ழ எல்லாம் வாசிப்பவரின் நாக்கைப் பொறுத்தது. ‘அறை’ அரையானது, ‘மழை’ மலையானது. இவற்றைப் பிழைதிருத்தும் மென்பொருளும் பிடிக்காது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். மூன்றாவது நோட்டு முதல் கையால் தட்டச்சு செய்ததற்கு இதுதான் காரணம். தொகுப்பு வேலையில் இருப்பவர்கள் முதல் நோட்டிலேயே அப்படிச் செய்துவிடுவது நல்லது.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முந்தைய படியில் பிழை, பார்த்த அம்மையாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. கட்டுரை நூலில் பிழையைத் திருத்தினால் வேலை முடிந்தது. நகைச்சுவைக் கவிதையில் பிழைபோல் தெரிவதுதான் பல இடங்களில் கவிதை. இதைப் பாருங்கள்:

மார்கழி காலை ஏழு மணி
போர்வைக்குள் இருக்கிறார்
பனி நிரந்தரம் ஆன
அரசு ஊழியர்

பழகிய கை ‘பனி’யைப் ‘பணி’ என்று திருத்திவிடும். ஒரே ஒரு சுழிதான், ஆனால் கவிதை செத்துப்போகும். இன்னொன்று, 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தபோது மக்கள் வண்டிகளை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியதைப் பற்றியது:

மழை வரும் என்றார்கள்
மேம்பாலத்தின் மேல்
வரிசையாய் வந்து நின்றது
கார்
காலம்

அன்று புரட்டாசி முடியவில்லை. ஆகவே இது கார்ப் பகுதியில் நியாயமாகவே இடம்பெற்றது. இலக்கணப்படி ‘கார்காலம்’ ஒரே சொல். சேர்த்து எழுதினால் மேம்பாலத்தில் நின்ற வண்டி காணாமல் போய் வெறும் மழைக்காலம்தான் மிஞ்சும். மேகமாய் இருக்கையில் கார், தரைக்கு வந்தால் நீர், ஆய்ச்சியர் கைக்கு வந்தால் மோர் என்று தண்ணீருக்கு முப்பெயர் சூட்டிய காளமேகத்தின் வழியில் வருகிற விளையாட்டு இது. எங்கே பிரிக்கிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

மெய்ப்புப் பார்த்த அம்மையார் செய்தது இதுதான். மெய்ப்பைத் தொடுமுன் கவிஞரோடு உட்கார்ந்து ‘மாற்றக் கூடாதவை’ என்று ஒரு தாளில் 23 இடங்களைப் பக்க எண்ணோடு எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘இப்படியே இருக்கட்டும்’ என்று சிவப்பு மையில் குறித்தார். அந்தத் தாள் மூன்று மெய்ப்பிலும் கூடவே போயிற்று. முதல் மெய்ப்பில் எழுத்துப் பிழை, இரண்டாவதில் ஒற்று மிகும் இடமும் மிகா இடமும், மூன்றாவதில் வரி முறிவு மட்டும். மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க முயன்றால் ஏதாவது ஒன்று கட்டாயம் தப்பும்.

பக்கம் அமைத்த தம்பிக்கு அடுத்த நன்றி. பழைய எழுத்துருவில் இருந்த சில கவிதைகளை யூனிகோடுக்கு மாற்றியதில் ‘கௌ’ என்பதன் பின்பாதி ளகரமாகவே வந்திருந்தது. அச்சில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மின்னூலில் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. அதை உட்கார்ந்து தேடித் திருத்தினார். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால், கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். அதையும் முதல் நாளே சரிசெய்தார். 11 புள்ளி எழுத்து, 16 புள்ளி வரி இடைவெளி. தமிழ்ச் சொல் நீளமானது, இந்த நூலின் தாள் அளவான டெமி எட்டில் ஒரு பங்கு குறுகலானது. வரி நிரம்பி மடங்குகிற இடங்களில் மடங்கிய துண்டை நன்றாக உள்ளே தள்ளி வைத்தார். அப்போதுதான் அது கவிஞர் முறித்த வரி அல்ல, தாள் முறித்த வரி என்று வாசகருக்குத் தெரியும். இதைச் செய்யாத கவிதை நூல்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வலிக்கிறது. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆறு ஃபாரத்தில் 96. கணக்கு 98-க்குப் போனபோது எழுத்தைச் சுருக்காமல் இரண்டு கவிதைகளை விலக்கிக்கொள்ளச் சம்மதித்த கவிஞருக்கும் இங்கே நன்றி.

இனி அச்சகத்தார். ஜனவரிக் காட்சிக்கான நூல்கள் பலவும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் அச்சாகின்றன; வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அப்போதுதான். தாள் ஈரத்தை உறிஞ்சும். விளிம்பு அலை அலையாய் நெளியும், இயந்திரத்தில் சிக்கும், மை காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். எங்கள் அச்சகத்துப் பெரியவர் 80 ஜிஎஸ்எம் கனமுள்ள, வெளிர்மஞ்சள் சாயலான நேச்சுரல் ஷேட் தாள் ரீம்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்கினார். அன்றன்றைக்கு ஓட்டும் ரீமை மட்டும் பிரித்தார். ராப்பர் என்கிற மேலட்டையை அடித்து ஒரு முழு நாள் காயவிட்டு, அதன் பிறகே மேட் லேமினேஷனுக்கு அனுப்பினார். மை ஈரமாய் இருக்கும்போதே பிலிம் ஒட்டினால் குமிழ் கிளம்பும், மடிப்பில் உரியும். தேதி நெருங்குகிறதே என்று நாங்கள் அவசரப்படுத்தியபோதும் அவர் அசையவில்லை. அதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பைண்டிங் பட்டறையில் ஃபாரங்களை நூலால் தைத்த அக்காமார்களை மறக்க மாட்டோம். முதுகில் பசை மட்டும் போட்டால் செலவு குறையும். ஆனால் கவிதை நூலை வாசகர் விரித்து மேசையில் வைப்பார். நாலாவது தடவை தாள் கையோடு வரும். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்று ஒரு தாளை இரண்டு பக்கமும் மடித்துப் பார்த்தார்கள். இழையோடு மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும், குறுக்கே மடித்தால் முரடாக வெடிக்கும். இழை குறுக்காகப் போனால் மழைக்காலத்தில் நூல் மூடினாலும் மூடாது. முன்பனிப் பகுதியைத் தைக்கும்போது ‘தை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துப் பொங்கலுக்கு முந்தின நாள் தையல்காரர் படும் பாட்டைச் சொல்லும் கவிதையைப் படித்துப் பட்டறையே சிரித்ததாம். கவிஞருக்கு வந்த முதல் விமரிசனம் அது.

காட்சி அரங்கில் நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. 5 மில்லிமீட்டர் முதுகுள்ள நூலை அடுக்கில் செருகினால் யார் கண்ணிலும் படாது. அட்டை முகம் தெரிய நிறுத்தினீர்கள். அடித்தட்டைக் காலியாக விட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, தூறல் விழுந்த அன்று ஒரு படிகூட நனையாமல் காத்தீர்கள். 10 சதவீதத் தள்ளுபடி போகச் சில்லறை கொடுக்கத் திணறிய முதல் நாளுக்குப் பின், பத்து ரூபாய்த் தாள்களை நீங்களே மாற்றி வந்ததையும் கவனித்தோம்.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் விண்ணப்பத்தைப் பொறுமையாக நிரப்பித் தந்த நூலகருக்கும் நன்றி. அந்த எண்ணுக்குக் கட்டணம் கிடையாது என்பதையே அவர் சொல்லித்தான் பல புதிய கவிஞர்கள் அறிகிறார்கள். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் படிகள் போக வேண்டும். நான்கையும் கட்டி அனுப்பியவர் அவரே.

முதல் அச்சில் இரண்டு பிழைகள் தங்கிவிட்டன. 41-ஆம் பக்கம் மூன்றாம் வரியில் ‘அரை’ என்பது ‘அறை’ என்றும், 77-ஆம் பக்கத்தில் ‘ஆடி காற்று’ என்பது ‘ஆடிக் காற்று’ என்றும் இருக்க வேண்டும். இரண்டாம் அச்சில் திருத்திவிட்டோம். முதல் அச்சு வைத்திருப்பவர்கள் முகவரி அனுப்பினால் திருத்தச் சீட்டு அஞ்சலில் வரும். அதை 40-ஆம் பக்கத்துக்கும் 41-க்கும் நடுவே ஒட்டாமல் செருகி வையுங்கள். ஒட்டினால் பசையின் ஈரத்தில் தாள் நெளியும்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்